பெயர் விட்டுப்போன சிபாரிசு

"ஸ்டோர்காரருக்குக் காரு! எனக்கு மட்டும் கம்பியில தொங்கற பஸ்ஸு!"

சம்பளக் குமாஸ்தா அந்த மாதத்துச் சலுகைப் பட்டியலை மூன்றாவது முறையாகப் படித்தார். அலுவலகம் மொத்தத்துக்கும் சம்பளச் சீட்டு போடுகிற கை அவருடையது. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கை தன் சீட்டில் ஒரு சலுகை எழுதியதில்லை. ஸ்டோர்காரர் பெயருக்கு எதிரேயோ, புத்தம்புது வரி: 'போக வர அலுவலகக் கார். காரணம்: மூலம்.'

யார் மூலம்? பெயரைக் காணோம்.

"பெரிய இடத்துச் சிபாரிசு. அதான் பேரை அமுக்கிட்டாங்க!" வயிறு எரிந்தது அவருக்கு. நேரே ஸ்டோருக்குப் போனார்.

"என்ன சார், மூலம்னு போட்டிருக்கே?"

ஸ்டோர்காரர் கதவைச் சாத்தினார். "மெதுவா சார்! நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்."

போதாதா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"என் தம்பி தினம் உங்க முதலாளியோட பந்தாடறான். நீங்கதான் வாயில்லாப் பூச்சி," என்றாள் அவள். "கேட்டாத்தானே கிடைக்கும்?"

மறுநாளே விண்ணப்பம் போனது: 'எனக்கும் மூலம் உண்டு. ஸ்டோர்காரருடையதைவிடப் பெரியது. எனவே காரும், முடிந்தால் முன் சீட்டும் தேவை.'

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து சார். மனைவி வழியா வந்தது."

"மனைவி வழியாவா!"

"ஆமா சார். நான்தான் வெளிய காட்டிக்கல. இப்ப வேணா காட்டட்டுமா?"

மச்சினனும் முதலாளியும் மட்டையோடு நிற்கிற போட்டோவை எடுக்க, அவர் கை பேண்ட்டின் பின் பாக்கெட்டுக்குப் போனது.

"வேண்டாம்! நம்பறேன்!" மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "உடனே ஏற்பாடு பண்றேன். நீங்க உக்காராதீங்க."

மதியத்துக்குள் உத்தரவு வந்தது. டைப்பிஸ்ட் அம்மா எழுந்து வழிவிட்டார். ஸ்டோர்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களுமா சார்? என்னோடதவிடப் பெருசாமே!" என்று கண் கலங்கினார்.

'எரியட்டும், நல்லா எரியட்டும்,' என்று குமாஸ்தாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

காலையில் கார் வாசலிலேயே வந்து நின்றது. முன் சீட்டில் புது மெத்தை வேறு! பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி நிதானமாக ஏறினார். கடைத்தெரு முனையில் கார் வலப்பக்கம் திரும்பியது.

"என்னப்பா, ஆபீஸ் அந்தப் பக்கமில்ல?"

"ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் சார்," என்றார் டிரைவர். "ஸ்டோர் சாருக்கு மருந்தே போதும்னுட்டாங்க, உங்க மூலம் பெருசுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டதால, இன்னைக்கே அறுத்துடறாங்களாம்."