டிமாரு மகளிரின் சிட்னி உலா

ஒழுக்கத்தைக் காத்த சட்டங்கள் உலகில் எத்தனையோ. ஒழுக்கத்தோடு விமான டிக்கெட் விற்பனையையும் வளர்த்த பெருமை, 1977-இல் நியூசிலாந்தில் கருக்கலைப்புக்குக் கதவடைத்த சட்டத்துக்கே உரியது. அதற்காக டிமாரு நகரில் ஊர்வலம் நடத்திய டெஸ்மண்ட் போலார்டுக்கே இந்த உபரி நன்மை எப்படி விளைந்தது என்று புரியவில்லை.

டெஸ்மண்ட் ‘ஒழுக்கக் காவலர் குழு’வின் தலைவர், பிழைப்புக்குப் பயண முகவர். சட்டம் வந்ததிலிருந்து அவர் கடைக்குப் பெண்கள் தனித்தனியாக வந்தார்கள். எல்லாருக்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னிதான். கையில் சின்னப் பை. போன மறுநாளே திரும்பி வருவார்கள். ஓபரா ஹவுஸ் படம் போட்ட வழிகாட்டியை இலவசமாகக் கொடுத்தால், வாங்கிக்கொண்டு அழுதார்கள்.

“பெரில், அப்படி என்னதான் பாக்குறாங்க அங்க?” என்று குமாஸ்தாவைக் கேட்டார்.

“கூரையை சார். மல்லாந்து படுத்துக்கிட்டு.”

“ஓபரா ஹவுஸ் கூரைதானே? பிரமாதமான கூரை!”

பெரில் தட்டச்சைத் தொடர்ந்தாள். டெஸ்மண்ட் ‘மகளிர் ஒருநாள் இன்ப உலா’ என்று ஜன்னலில் விளம்பரம் ஒட்டினார். பெண்களின் கலை ஆர்வத்தை ஒழுக்கக் குழு ஏகமனதாகப் பாராட்டியது.

ஒருநாள் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கோரல் வந்தாள்.

“டிக்கெட்டைக் கடனா குடுங்க சார். சம்பளத்துல அடைச்சிடறேன். இந்த வாரமே போகணும்.”

“கட்டடம் எங்கயும் ஓடிடாதும்மா. கோடையில போ.”

“கோடை வரைக்கும் தாங்காது சார்.”

“நான் ஜாமீன் சார், குடுங்க,” என்றாள் பெரில்.

“இன்ப உலாவுக்குக் கடனா? அப்புறம் ஒழுக்கம் என்னத்துக்கு ஆகும்?”

கோரல் வழிகாட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

அடுத்த வாரம் பெரில் கறுப்பு உடையில் வந்தாள். “கோரல் போயிட்டா சார். வீட்லயே தானா பண்ணிக்கப் பாத்திருக்கா. புண்ணு சீழ்பிடிச்சு ரத்தத்துல ஏறிடுச்சு.”

“என்னத்தைப் பண்ணிக்க?”

“சிட்னியில பண்றதை.”

டெஸ்மண்ட் ஜன்னல் விளம்பரத்தைப் பார்த்தார். அதைக் கிழிக்க எழுந்தபோது கதவு திறந்தது. அவருடைய மகள் ஜில்லியன். கையில் சின்னப் பை.

“அப்பா… சிட்னிக்கு ஒண்ணு.”

‘எதற்கு?’ என்று அவர் கேட்கவில்லை. வழிகாட்டியும் தரவில்லை. டிக்கெட்டைத் தன் கையாலேயே எழுதினார். ஜன்னல் ஓர இருக்கை.

அன்று மாலை குழுக் கூட்டத்தில், சட்டம் செவ்வனே வேலை செய்கிறது என்று டெஸ்மண்ட் அறிக்கை வாசித்தார். பலத்த கைதட்டல்.

அவர் சொன்னது உண்மைதான். அது வேலை செய்யும் முறை மிக எளிது: கருக்கலைப்பு நிற்பதில்லை. டிக்கெட் கிடைத்தவள் மறுநாள் வீடு திரும்புகிறாள். கிடைக்காதவள் சாகிறாள். யாருக்கு எது என்பதை டெஸ்மண்ட் முடிவு செய்கிறார்.