ஈரம் காயாத உத்தமர்

இப்போதெல்லாம் ஒருத்தனைக் கண்டால் "சாப்பிட்டாச்சா" என்று எவனும் கேட்பதில்லை. "உம்முடைய இலட்சியம் என்ன" என்று கேட்கிறான். நான் ஆனா ஆவன்னாவோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னிடம் இருந்த இலட்சியம் எல்லாம் ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு வயல்தான்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்த மறு வருஷம், உலகத்தைத் திருத்தும் வழி எங்கள் திருநெல்வேலி டவுணில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வழி என்பது களிமண்.

கண்டுபிடித்தவர் வக்கீல் சிவசண்முகம் பிள்ளை, எங்கள் 'சுகுண விருத்தி சபை'யின் அக்கிராசனர். சென்னப் பட்டணத்தில் ஏதோ பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, ஒவ்வோர் அங்கத்தினரும் தான் பின்பற்றும் உத்தம புருஷரைத் தன் கையாலேயே மண்ணில் பிடித்து வர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பெயர் சொல்லக் கூடாது, மண்ணே சொல்லும். பிடித்ததைக் காயவும் விடக் கூடாது. நம் குணம் வளர வளர உருவத்தையும் திருத்திக்கொண்டே போக வேண்டுமாம். ஆகையால் ஈரத் துணி சுற்றி வைப்பது 'விதி'.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. ஏனென்றால் எங்கள் வாய்க்காலுக்கு முறைகாரரும் அவரே. யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பது அவர் வாய்ச்சொல். அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. தை மாதம் என் பிசான நெல் கதிர் வெளிவராமல் பொதியில் நிற்கிறது. கடைமடை வயல், வெடித்துக் கிடக்கிறது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர், இல்லாவிட்டால் வைக்கோல்.

நான் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தேன். அரிச்சந்திர மகாராஜாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் பெண்டாட்டி கோமு எட்டிப் பார்த்தாள்.

"யாரு இது?"

"அரிச்சந்திரன்."

"அவுகளா வந்து நமக்கு மடை திறக்கப் போறாக?"

அவள் பாட்டுக்குப் புடைத்தாள். நான் மகாராஜாவின் கிரீடத்தைத் தட்டித் தலைப்பாகை ஆக்கினேன். மூக்கைக் கொஞ்சம் இழுத்தேன். ஈர்க்கை வளைத்துக் கண்ணாடி மாட்டினேன். வக்கீலின் கோட்டுப் பையில் எப்போதும் பேனா இருக்குமே என்று ஓர் உடைமுள்ளை எடுத்து நெஞ்சில் செருகினேன். இத்தனை தந்திரம் ஊரில் வேறு எவனுக்கு வரும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வக்கீல் வீட்டுக் கூடத்தில் சபை கூடிற்று. துணிகளை நீக்கினோம். பதினோரு அங்கத்தினர், பதினோரு வக்கீல். ஒன்றுக்குத் தொந்தி அதிகம், ஒன்றுக்குக் கழுத்து திருகல், கண்ணாடி மட்டும் எல்லாவற்றுக்கும் இருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கிராசனர் கண் கலங்கி, மனிதனின் அந்தரங்கத்தைக் கலை எவ்வளவு உண்மையாக வெளியே கொண்டுவருகிறது என்றார். வாஸ்தவம். அவரும் ஒன்று பிடித்திருந்தார். அது தொப்பி போட்டிருந்தது, ஜில்லா கலெக்டர் துரை.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வடிவம்மாள் பானக்காரம் கொண்டுவந்தாள். வரிசையாகப் பதினோரு புருஷனைக் கண்டாள். என் முள்ளைக் கண்டாள். செம்பு கீழே விழுந்தது.

"உசுரோட இருக்குத மனுசனை மண்ணுல பிடிச்சு, நெஞ்சுல முள்ளும் ஏத்தி, வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வச்சிருக்கிய," என்றாள். "இதுக்குப் பேரு கலையா?"

பேனா என்று விளக்கினேன். விளக்க விளக்க அது முள்ளாகவே தெரிந்தது. செய்வினை, ஏவல் எல்லாம் பாமரர் பயம் என்று வக்கீல் அரை நாழிகை பேசினார். பேசும்போது ஒரு கை மட்டும் மார்பைத் தடவிக்கொண்டிருந்தது. மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் கோடாங்கி வந்தான்; செய்தவர்களே தங்கள் கையால் ஆற்றில் கரைக்க வேண்டும் என்று உடுக்கு சொல்லிற்று. வக்கீல், முறைகாரர் பதவியைச் சபையில் பெரிய வயல்காரரான கைலாசத்திடம் ஒப்படைத்துவிட்டு, பாபநாசத்தில் தீர்த்தமாட வண்டி கட்டினார். என் மடையைப் பற்றிக் கேட்கக் கிட்டப் போனேன். வடிவம்மாள் வண்டித் திரையை இறக்கிவிட்டாள்.

குறுக்குத்துறையில் இடுப்பளவு தண்ணீரில் பத்துப் பேர் நின்றோம், ஆளுக்கொரு வக்கீலோடு. கைலாசம் தன்னுடையதை முதலில் கரைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். நான் முள்ளைப் பிடுங்கி எறிந்தேன். கண்ணாடி தானே மிதந்து போயிற்று. தலைப்பாகை கரைந்ததும் வழுக்கை தெரிந்தது. கைலாசத்துக்கும் வழுக்கைதான். பக்கத்தில் நின்றவன் தன் பொம்மையின் கழுத்தை உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தான். கைலாசத்துக்குக் கழுத்தே கிடையாது. அவனுக்கு அடுத்தவன் மீசை திரித்துக்கொண்டிருந்தான். நானும் கொஞ்சம் மண்ணைத் திரித்தேன்.

"ஏன்வே ஐயம்பெருமாள், இன்னுமா கரைக்கீரு?" என்றார் கைலாசம்.

"பைய கரையுது, அண்ணாச்சி."

இறங்கி வந்து என் கையில் இருந்ததை உற்றுப் பார்த்தார். தன் மீசையை ஒருதரம் தடவினார்.

"மீசை இன்னும் கொஞ்சம் தடிப்பா இருக்கலாம்வே."

"கடைமடைக்கு ஒரு தண்ணி..." என்று இழுத்தேன்.

"பாப்பம்."

'பாப்பம்' என்ற சொல்லுக்கு நெல் விளைந்து நான் கண்டதில்லை. களிமண்ணால் மனுஷன் திருந்துவான் என்பதையும் நான் நம்பவில்லை. படியேறி வயலைப் பார்க்க நடையைக் கட்டினேன். பொம்மையைத் துண்டில் நனைத்துச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். காயவிடக் கூடாது. கைலாசம் முறைகாரராக எத்தனை நாளைக்கு இருப்பாரோ.