வெள்ளிக்கிழமை தவறாத பூகம்பம்

விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகிற டவுன் பஸ்ஸில் வெள்ளிக்கிழமை காலையில் உட்கார இடம் வேண்டுமென்றால் அதற்கே தனியாக ஒரு சாமியிடம் வேண்டிக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் ஆளும் ஆடும் சரிபாதியாகப் போகிற வண்டி அது. சுனாமி வந்து போன மறு வருஷம், ஆவணி மாதம் முழுக்க, அதன் கூரை மேலும் ஜனம். எல்லாரும் ஒரே இடத்தில்தான் இறங்குவார்கள். பூகம்பேஸ்வர சுவாமிகள் ஆசிரமம்.

ஆசிரமம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலைந்து கீற்றுக் கொட்டகை, ஒரு ஜெனரேட்டர், மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. பூமாதேவி மெதுவாகப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமல்லவா?

மற்ற சாமியார்கள் கையில் விபூதி வரவழைப்பார்கள், வாயில் லிங்கம் எடுப்பார்கள். நம் சாமி சில்லறை வேலை செய்கிறவர் அல்ல. பூமியையே ஆட்டுவார். வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் திரிசூலத்தைத் தரையில் குத்தி, "ஆத்தா, மூச்சு வுடு" என்பார். பம்பை முழங்கும். அதிர்வேட்டு வெடிக்கும். உடனே தரை கிடுகிடுவென்று நடுங்கும். தரையில் சம்மணம் போட்டிருக்கிற ஜனங்களின் பிருஷ்டபாகமே சாட்சி. வேறென்ன ஆதாரம் வேண்டும்? தலையைக் கேட்டால்தான் ஆயிரம் கேள்வி கேட்கும்.

இந்தச் சாமி முன்பு நடராசன் என்கிற பெயரில் உளுந்தூர்பேட்டை பஸ்களில் பல்பொடி விற்றவர். அவர் ஈஸ்வரனாக உயர்ந்தது அந்த வருஷம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்த நிலநடுக்கத்தால். அது நிஜமான நடுக்கம், சின்னது. வேறு ஊராக இருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். எங்கள் விருத்தாசலத்தில் வீட்டுக்கு வீடு பீங்கான். பட்டறைப் பலகைகளில் அடுக்கியிருந்த கப்பு, ஜாடி, பொம்மை எல்லாம் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்தன. மாதா கோயிலில் பூசை கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கோட்டை மதில் ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சாதி மத பேதமில்லாமல் தெருவுக்கு ஓடி வந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. சில சுவர்களில் மட்டும் கீறல். அது பழைய கீறல் என்று கட்டிய மேஸ்திரிக்குத் தெரியும். பழியைப் பூமி மேல் போட்டுவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

மறு வாரமே நடராசன் மண்ணில் காதை வைத்துப் படுத்துவிட்டார். எழுந்தபோது அவர் பூகம்பேஸ்வரர். பக்கத்திலேயே மாயவன் நின்றான். நேற்று வரை நிலத் தரகன், அன்று முதல் பிரதம சீடன்.

சாமி சொன்ன பரிகாரத்தைக் கேளுங்கள். வீட்டின் நாலு மூலையிலும் மந்திரித்த பியூஸ் கேரியரைப் புதைக்க வேண்டுமாம். ஆமாம், மீட்டர் பெட்டியில் மாட்டுகிற அதே வெள்ளைப் பீங்கான் கட்டைதான். வேறு ஊரில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊர் அறிவாளி ஊர் ஆயிற்றே, உடனே காரணம் கண்டுபிடித்துக்கொண்டது.

"பீங்கான்ல கரண்டு போவாது. நாம செஞ்ச சரக்கு, நமக்குத் தெரியாதா? கரண்டே போவலன்னா அதிர்வு எப்படிப் போவும்?" என்றார் பழமலை.

பழமலை, டோமினிக் என்பவரின் பீங்கான் பட்டறையில் சூளை பார்க்கிறவர். சூட்டைக் கண்ணால் பார்த்தே சொல்லுகிற கெட்டிக்காரர். பட்டறையில் கோணலாக வெந்து கழிந்த கேரியர்களைக் குப்பைமேட்டில் கொட்டுவது அவர்தான். அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு போவது மாயவன். மஞ்சள் தடவி வைத்த அதே கழிவை வரிசையில் நின்று வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வருவதும் பழமலைதான். தான் எறிந்த கல்லைத் தானே தேடிப் போய் தலையில் வாங்கிக்கொள்கிற பக்தியை வேறு எந்த ஊரில் பார்ப்பீர்கள்?

இத்தோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சாமியின் கண் நிலத்தின் மேல் இருந்தது. ஆசிரமத்தை ஒட்டிய புன்செய்க் காடுகளைக் காட்டி, அங்கேதான் ஆத்தாள் வாயைத் திறக்கப் போகிறாள், அந்த மண்ணை வைத்திருக்கிற குடும்பம் அழியும் என்று சொல்லிவிட்டார். விற்றுவிட்டால் தோஷம் போய்விடுமாம். வாங்குகிறவனுக்குத் தோஷம் இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்குகிறவன் மாயவன். அவன் சீடன், தாங்கிக்கொள்வான்.

அந்தக் காட்டில் ஒரு துண்டு பழமலையின் மனைவி திரௌபதிக்கு அவள் அப்பன் கொடுத்தது. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற நிலக்கடலையும் கம்பும் போட்டு, பத்து ஆடு வளர்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த மண். ஆவணி கடைசித் திங்கட்கிழமை பத்திரப் பதிவு என்று பழமலை முடிவே செய்துவிட்டார்.

"நீ கையெழுத்துப் போடலைன்னா புள்ளைங்கள வாரிக் கொடுத்துட்டுத்தான் உக்காரணும்" என்றார்.

"எங்கப்பன் வவுத்தைக் கட்டி வாங்குன காடு. பூமி வாய தொறந்தா மொதல்ல நான் போறேன், போ" என்றாள் அவள். சொல்லிவிட்டாளே தவிர, அன்று ராத்திரி பிள்ளைகளைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தாள். பயத்துக்குப் புத்தி கிடையாது. அந்தப் பயத்தைத்தான் அந்தப் பாவிகள் மூலதனமாகப் போட்டிருந்தார்கள். நினைக்கும்போது இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இந்த நேரத்தில்தான் டோமினிக்கின் மகள் ஆன் மேரி ஐதராபாத்திலிருந்து வந்து இறங்கினாள். பூமி அதிர்வைப் படிக்கிற ஆராய்ச்சிப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை நடுக்கத்துக்குப் பிறகு குட்டி நடுக்கங்கள் வருகிறதா என்று பார்க்க, தன் ஊராயிற்றே என்று அவளையே அனுப்பியிருந்தார்கள். அப்பாவின் பட்டறை, கோயில் வளாகம், கிராமத்துப் பள்ளிக்கூடம் என்று சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் ஒவ்வொரு பெட்டியாக வைத்தாள். திரௌபதியின் மோட்டார் கொட்டகையிலும் ஒன்று. தரை அசைந்தால் அந்த அசைவைக் கோடாக வரைந்து வைக்கிற பெட்டி.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் சாமி பூமியை ஆட்டினார். பெட்டிகளும் வரைந்தன. ஆன் மேரி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு வந்து திரௌபதியையும் பழமலையையும் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தப் பூகம்பம் வெள்ளிக்கெழம உச்சிக்கு மட்டுந்தான் வருது. மத்த நாளெல்லாம் பூமாதேவிக்கு லீவு."

"சாமி கூப்புட்டாத்தான வருவா" என்றார் பழமலை.

"சரிங்கண்ணே. ஒண்ணு கேக்குறேன். டவுன் பஸ்ஸுல நெரிசல்ல நிக்கிறீங்க. நடுவுல ஒருத்தரு படக்குன்னு கொடைய விரிக்கிறாரு. என்னா ஆவும்?"

"சுத்தி நிக்கிறவனெல்லாம் தள்ளிக்கிட்டுப் பின்னால போவான்."

"எல்லாப் பக்கமும் தள்ளு. இப்பக் கொடை இல்ல. ஒருத்தரு முன்படியில எறங்கப் போறாரு, இன்னொருத்தரு பின்படியில எறங்கப் போறாரு. தோளோட தோள் ஒரசிக்கிட்டுப் போறாங்க. இப்ப?"

திரௌபதிக்குத்தான் பஸ் அனுபவம் அதிகம். "முன்னால போறவன் தனக்கு முன்னால நிக்கிறவனைத் தள்ளுவான். அவனுக்குப் பின்னால நிக்கிறவ கூடை அவன்கூடவே மாட்டி இழுபடும். அடுத்தவனும் அப்படித்தான், எதிர்ப்பக்கமா."

"அதேதான் அக்கா. அடியில பாறை ஒடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒரசி வழுக்குனாத்தான் நெசமான நெலநடுக்கம். சில பக்கம் தள்ளு, சில பக்கம் இழுப்பு. தள்ளுற பக்கம் இருக்கிற பொட்டியில கோடு மொதல்ல மேல ஏறும். இழுக்குற பக்கம் மொதல்ல கீழ எறங்கும்."

கம்ப்யூட்டரில் கோடுகளைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நடுக்கத்தை, சுற்றுவட்டார ஊர்களின் நிலநடுக்க ஆய்வு நிலையங்கள் பதிவு செய்திருந்தன. ஒரு கோடு மேலே ஏறித் தொடங்கியது, இன்னொன்று கீழே இறங்கித் தொடங்கியது. கலப்படம்.

"இப்ப வெள்ளிக்கெழமயப் பாருங்க."

பழமலை குனிந்து பார்த்தார். சூளைக் கண்ணில் நெருப்பைப் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். கோயில் பெட்டியில் முதல் அசைவு மேலே. பள்ளிக்கூடத்தில் மேலே. பட்டறையில் மேலே. மோட்டார் கொட்டகையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மேலே. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எங்கேயும் ஒரு கோடுகூடக் கீழே இறங்கவில்லை.

"எவனோ கொடைய விரிக்கிறான்" என்றாள் திரௌபதி.

"வெடி வைக்கிறாங்க அக்கா. இந்தக் கொட்டகைக்குத்தான் அதிர்வு மொதல்ல வந்திருக்குது. மத்தப் பொட்டிக்கு வந்த நேரத்தையும் வச்சுப் பாத்தா, எடம் அந்தா தெரியுதே, அந்தக் கல்லுக் கரட்டுக்குப் பின்னால. ஆழமும் இல்ல. அங்க என்னா இருக்குது?"

"கல்லு குவாரி. மூடி ரெண்டு வருஷம் ஆச்சே" என்றார் பழமலை. குரல் பாதியாக இறங்கியிருந்தது. பக்தி மட்டும் இறங்கவில்லை. "மெசினு தப்பா வரைஞ்சிருந்தா? சாமியச் சந்தேகப்பட்டா வம்சத்துக்கு ஆவாது."

"தப்பாக்கூட இருக்கலாம். பாத்துட்டா முடிஞ்சுது. வர்ற வெள்ளிக்கெழம குவாரியில யாரும் வெடி வைக்க முடியாம இருந்தா, பூமி ஆடுதான்னு பாப்போம். ஆடுனா நான் பொட்டியத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடறேன்."

"ஆடலைன்னா?"

"திங்கக்கெழம நீங்க வேலைக்குப் போங்க."

வெடி வைக்க முடியாமல் எப்படிச் செய்வது என்று ஆன் மேரி யோசித்துக்கொண்டிருந்தாள். திரௌபதி யோசிக்கவில்லை. பக்கத்துக் காட்டு ராஜாம்பாளையும் இன்னும் சில பெண்களையும் கூப்பிட்டாள். எல்லார் ஆடுகளையும் ஒன்றாகச் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை வெயில் ஏறும் முன்பே மந்தை குவாரிப் பாதையில் நுழைந்தது.

பள்ளத்துக்குள் இறங்குவதற்குள் தகரக் கொட்டகையிலிருந்து ஒருவன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். விருத்தகிரி என்று பெயர்.

"எங்கம்மா வரீங்க, போங்க போங்க. உள்ள வெடிக்கு மருந்து கெட்டிச்சிருக்குது."

"மூடுன குவாரிதான? யாருக்கு வெடி?" என்றாள் திரௌபதி.

விருத்தகிரி நின்றான். ஆட்டைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், கையிலிருந்த வயர் சுருளைப் பார்த்தான். கூலிக்கு வேலை செய்கிறவன், கொலைகாரன் அல்ல. பெண்கள் பாதையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நாலு வழிச் சாலை போடுகிறார்கள், ஜல்லிக்கு ஏகப்பட்ட கிராக்கி. கல்லை யாருக்கும் தெரியாமல் உடைத்து மறுபக்கப் பாதையில் ஏற்றி அனுப்புகிறார்கள். குவாரி மாயவனுடையது. அதே கல் படுகை திரௌபதியின் காட்டுக்கு அடியிலும் ஓடுகிறது, அதனால்தான் அந்தக் காட்டின் மேல் கண். வெடிச் சத்தம் வெளியே தெரியாமலிருக்கத்தான் பம்பையும் அதிர்வேட்டும்.

"சாமி சூலத்தக் குத்துனது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மாயவன் மிஸ்டு கால் கொடுப்பாரும்மா."

திரௌபதி கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்துவிட்டான். ராஜாம்பாளையும் ஆடுகளையும் காவலுக்கு வைத்துவிட்டு, அவனையும் வயரையும் கூட்டிக்கொண்டு அவள் ஆசிரமத்துக்கு நடந்தாள்.

அங்கே உச்சிப் பொழுது. கூட்டம் நெரிந்தது. சாமி சூலத்தைத் தூக்கிக் குத்தினார். "ஆத்தா, மூச்சு வுடு." பம்பை முழங்கியது. அதிர்வேட்டு வெடித்தது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்புறத்தில் கவனம் வைத்தார்கள்.

ஒன்றும் இல்லை.

சாமி மறுபடி குத்தினார். பம்பைக்காரர்கள் தோள் வலிக்க அடித்தார்கள். பூமாதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் குத்தில் சூலம் கல்லில் பட்டு வளைந்தது.

"கூட்டத்துல தீட்டு இருக்குது" என்றார் சாமி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. எந்தச் சாமிக்கும் கடைசிக் கையிருப்பு அதுதான். பக்தர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேடை ஓரத்தில் மாயவன் போனை எடுத்து மறுபடியும் கட்டை விரலால் அவசரமாக அமுக்கினான்.

பம்பை ஓய்ந்திருந்ததால் இந்தத் தடவை கூட்டத்தின் பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டது. பக்திப் பாட்டு ரிங்டோன். திரௌபதி மடியிலிருந்து போனை எடுத்தாள். ஜனங்கள் வழி விட, நடந்து வந்து மேடையில் ஏறினாள். போன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். மரத்துக்கு மரம் அது பாடியது. மாயவன் கட்டை விரலை எடுத்தான். பாட்டு நின்றது.

"இன்னொரு தரம் அடிங்க மாயவரே" என்றாள். "பூமாதேவி நம்பரு என் மடியில இருக்குது."

வயர் சுருளை சாமியின் காலடியில் போட்டாள். விருத்தகிரி மைக்கிலேயே எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். சாமி தன் பழைய தொழிலுக்கே திரும்பினார், அதாவது ஓடுகிற பஸ்ஸில் ஏறப் பார்த்தார். கூரை மேலிருந்தவர்களே இறங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு போலீஸ் ஜீப் வந்து குருவையும் சீடனையும் ஏற்றிக்கொண்டு போனது.

வெடியைக் கண்டுபிடித்தவள் இவள்தான் என்று திரௌபதி கைகாட்ட, கூட்டம் பழமலையோடு ஓரமாக நின்ற ஆன் மேரியைச் சூழ்ந்துகொண்டது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அப்ப அந்த ஞாயித்துக்கெழம வந்தது?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"அது நெசம்ங்க. அடியில பழைய விரிசல் கொஞ்சம் வழுக்கியிருக்குது."

"மறுபடி எப்ப வரும்?"

"தெரியாதுங்க. யாருக்குமே நாள் சொல்லத் தெரியாது. செவுத்தைக் கெட்டியாக் கட்டுங்க, தலைமாட்டுல கனமா எதையும் அடுக்கி வைக்காதீங்க."

பெரியவர் முகம் சுருங்கியது. "தெரியாதுன்னு சொல்றதுக்கா ஐதராபாத்து வரைக்கும் போயிப் படிச்ச?"

கேட்டீர்களா? தெரியும் என்று புளுகியவன் காலில் விழுந்தார்கள். தெரியாது என்று உண்மையைச் சொன்ன பெண்ணுக்கு முகச்சுளிப்பு. நாள் குறித்துக் கொடுத்தால் போதும், பிறகு வெடி வைத்தாலும் சரி, வேட்டு வைத்தாலும் சரி.

திங்கட்கிழமை பழமலை பதிவு ஆபீசுக்குப் போகவில்லை. பட்டறைக்கும் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கடப்பாரையால் வீட்டு மூலைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். கோணல் கேரியர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. திரௌபதி மல்லாட்டை விதையை மடியில் கட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினாள்.

"நாலு மூலையும் தோண்டியாச்சு. வேற எங்கனா பொதைச்சு வச்சிருக்கமா?" என்று கேட்டார் பழமலை.

"மண்டைக்குள்ள" என்றாள். "அதைக் கடப்பாரை போட்டுத் தோண்ட முடியாது. நீதான் யோசிச்சு எடுக்கணும்."