ஹாஜ்ரா பாபு மாடியில் என் சாமந்தி

வருகிற குளிர்காலத்தில் கல்கத்தாவில் எங்கள் பெஹாலா தெருக் கிளப்பின் சாமந்திப் போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான் என்று பல் துலக்கிக்கொண்டே சபதம் செய்தேன். வாய் நிறைய நுரை. என் மனைவி நிஹாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"துப்பிட்டுப் பேசுங்க" என்றாள்.

வருஷா வருஷம் அந்தப் பரிசு பக்கத்து வீட்டு ஹாஜ்ரா பாபுவுக்கே போகிறது. அவர் பூ பூசணிக்காய் மாதிரி இருக்கும். என் பூ சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். தெருவில் எனக்குப் பெயரே பொத்தான் பாபு. மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்?

சூட்சுமம் மண்ணில்தான். கடை உரம் போட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். வீட்டிலேயே கலந்த மண்ணாக இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு ஹாஜ்ரா பாபுவிடமே கேட்டேன்.

"ரொம்ப சுலபம், சமாதார் பாபு. தழைச்சத்துக்கு மீன் கழுவின தண்ணி. மணிச்சத்துக்கு மீன் முள்ளு. சாம்பல்சத்துக்கு வாழைத்தோலு."

"எவ்வளவு போடணும்?"

"கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"தழைச்சத்து கூடினா?"

"இலையா வரும், பூ வராது."

"குறைஞ்சா?"

"இலையும் வராது."

"மணிச்சத்து எதுக்கு?"

"வேருக்கு. பூவுக்குந்தான். ஆனா மண்ணு புளிச்சிருந்தா எதுவும் ஏறாது. முட்டை ஓடு போடுங்க. ரொம்பப் போட்டுடாதீங்க, அதுவும் கெடுதல்."

வீடு வந்து சேர்வதற்குள் எது வேருக்கு, எது பூவுக்கு என்பதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. சாம்பல்சத்தில் ஏன் சாம்பலே இல்லை என்று கேட்கவும் மறந்துவிட்டேன். நேரே சமையலறைக்குள் நுழைந்தேன்.

"நிஹார், சுரைக்காய்த் தோலு எங்கே?"

"நேத்து கசகசா போட்டு வறுத்தேனே. தட்டை வழிச்சு நக்கினீங்களே."

"மீன் தலை, முள்ளு?"

"கீரையோட கூட்டு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினது யாரு?"

"மீன் குடலு?"

"பக்கோடா."

"வாழைக்காய்த் தோலாவது?"

"துவையல்."

"மீன் கழுவின தண்ணி, முட்டை ஓடு?"

"அதெல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். உங்களுக்கு எதுக்கு?"

எனக்குத் தலை சுற்றியது. செடிக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் பூக்க வேண்டியது நான்!

ஒரு திட்டம் போட்டேன். தோல், முள், குடல் எதையும் நான் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அவளிடம் அளந்தேன். எனக்கில்லாததை அவள் தூக்கிப் போடுவாள்; நான் பொறுக்கிக்கொள்வேன். நிஹார் பதறிப்போனாள். அன்றிலிருந்து எனக்கு வேகவைத்த பப்பாளிக்காயும் குழைந்த சோறும்தான். நாக்கு செத்துப்போனது. ஆனால் தோலும் முள்ளும் ஒரு மூடி போட்ட வாளிக்குள் விழுவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

மறுநாள் ஆசையாக மூடியைத் திறந்தால் வாளி காலி. அதற்கடுத்த நாளும் காலி. பூனையின் வேலையா? பூனை வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைக்குமா? எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

ஒரு காலையில் நிஹார் வாளியோடு கிளம்பினாள். பின்னாலேயே போனேன். அவள் நேரே ஹாஜ்ரா வீட்டு மாடிக்கு ஏறினாள். ஹாஜ்ராவின் மனைவி வாளியை வாங்கி அவர்களுடைய உர டிரம்மில் கொட்டினாள்.

"என்ன நிஹார், இப்பல்லாம் வாளி நிறைஞ்சு வருது?"

"எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல, அக்கா. அவர் பங்கும் இதுலதான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் குதித்தேன். "இத்தனை வருஷமா அந்த ஆளு பூசணி பூசணியாப் பூக்கவெச்சது நம்ம வீட்டு உரத்துலயா?"

"கத்தாதீங்க. நம்ம மாடி வெயிலையெல்லாம் உங்க தொட்டிங்க பிடிச்சுக்கிட்டா, என் வடகத்தையும் ஊறுகாயையும் எங்க காயவைக்கிறது? அவங்க மாடியிலதான் காயுது. சும்மா இடம் கேட்டா நல்லாருக்குமா? அதான் வாளி."

"இனிமே வாளி எனக்கு!"

"தாராளமா. அப்ப நம்ம மாடி வெயிலு எனக்கு."

"சரி!" என்றேன் வீறாப்பாக. பிறகுதான் உறைத்தது. "என் தொட்டிங்க?"

"அவங்க மாடியில என் வடகம் காஞ்ச இடம் காலியாத்தானே கிடக்கப்போகுது? அங்க வைங்க."

"அவங்க விடுவாங்களா?"

"சந்தோஷமா விடுவாங்க."

இதில் எங்கேயோ உதைத்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. தொட்டிகளைச் சுமந்து போய் ஹாஜ்ரா மாடியில் அடுக்கினேன்.

மண் கறுத்துப் பொலபொலவென்று ஆனது. எந்தச் சத்து கூடியது, எது குறைந்தது என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. ஆனால் குளிர்காலத்தில் என் சாமந்தி பூத்தது பாருங்கள்! ஹாஜ்ரா பாபுவின் பூக்களே அதன் பக்கத்தில் பொத்தானாகிவிட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவர்கள் மாடி மாடியாக ஏறிப் பார்த்தார்கள். என் பூவை மட்டும் இரண்டு தரம் அளந்து பார்த்தார்கள். சாயங்காலம் மேடையில் முடிவை வாசித்தார்கள். கிளப் விதிப்படி, எந்த மாடியில் பூத்ததோ அந்த மாடிக்காரருக்கே பரிசாம். ஹாஜ்ரா பாபு கேடயத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

மூச்சிரைக்க எங்கள் மாடிக்கு ஓடினேன். நிஹார் நல்ல வெயிலில் காய்ந்த வடகத்தை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நிஹார்! அது என் செடி!"

"அதுக்கேன் அழறீங்க? போன வருஷம் வரைக்கும் அவர் பரிசுல உரம் மட்டுந்தான் நம்மளுது. இந்த வருஷம் செடியும் நம்மளுது. முன்னேறிட்டீங்க!"