வளைவை மதிக்கும் ரயில்

ரயில் மறுபடியும் ஏரியில் விழுந்தது.

ஏரி என்பது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ரயில் என்பது உள்ளங்கை நீளத்தில் ஓர் எஞ்சினும் அதன் பின்னால் சில பெட்டிகளும். எல்லாம் சர்வேயர் வீட்டு மாடி அறையில், பெரிய மேசை ஒன்றின்மேல் இருந்தன. எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதப்பா. இது விளையாட்டுச் சாமான் இல்லை."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சர்வேயருக்கு முதுகு வளைந்ததில்லை. வளையவேண்டிய அவசியமும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை. ரயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர், அவருடைய அப்பா தன் கையாலேயே கம்பி சுற்றிச் செய்தது. மரப்பெட்டி, அதன் முகத்தில் ஒரு குமிழ், ஒரு வோல்ட் மீட்டர். குமிழைத் திருகினால் ரயில் புறப்படும். அதற்குப் பிறகு குமிழைத் தொடுவது அந்த வீட்டு வழக்கமில்லை. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஏரிக்கரை வளைவு நெருங்கும்போது மீட்டரின் முள் தானாகவே தலைகுனியும். ரயில் நிதானித்து, பெரியவர்கள் எதிரே நடந்துபோகும் மருமகள் மாதிரி, அடக்கமாக வளைவைக் கடக்கும். கடந்ததும் முள் நிமிரும். ஸ்டேஷன் வந்ததும் முள் அடியில் படுத்துவிடும், ரயில் நிற்கும்.

சின்ன வயதில் அதைப் பார்த்து சர்வேயருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருக்கிறது. தலை நரைத்த பின்னும் ஒவ்வொரு மாலையும் சிலிர்த்தது. போன வாரம் வரைக்கும்.

"பொட்டியில பன்னெண்டு வோல்ட் வருது சார். தண்டவாளத்துலயும் பன்னெண்டு. கொஞ்சம்கூட மாறலை. எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றான் எலக்ட்ரீஷியன்.

"மாறலைங்கிறதுதானேப்பா கோளாறு! மாறணும்."

"எதுக்கு சார் மாறணும்?"

"வளைவு வருதில்ல?"

"வளைவு வர்றது கரண்டுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா சுத்தின கரண்டுக்குத் தெரியும்."

எலக்ட்ரீஷியன் தன் மீட்டரை ஒருமுறை பார்த்தான், அவரை ஒருமுறை பார்த்தான். "எப்பலேருந்து இப்படி?"

"வீட்டுக்காரி படியில வழுக்கி விழுந்தாளே, அன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து. கஷ்டம் தனியாவா வருது!"

கீழறையில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த மனைவியின் குரல் படியேறி வந்தது. "என்னங்க, என்னை எப்படியாவது மேலே கூட்டிட்டுப் போய் மெஷின்கிட்ட உட்கார வைங்களேன்!"

"கால் ஒடிஞ்சவ தைச்சு என்ன ஆகப்போவுது? பேசாம படு!"

ரயில் மேசையை ஒட்டியே ஒரு தையல் மெஷின் இருந்தது. அதை அங்கே போட்டது சர்வேயரின் அம்மா. ரயில் ஓடும்போதெல்லாம் அம்மா அதில் உட்கார்ந்து தைப்பார். அம்மாவுக்குப் பிறகு மனைவி. இத்தனை காலத்தில் இருவருமாக ஒரு தலையணை உறையைக்கூடத் தைத்து முடித்ததாகத் தகவல் இல்லை. ரயிலின் அழகில் பெண்கள் மெய்மறந்துவிடுகிறார்கள் என்று சர்வேயர் அதற்குப் பெருமையாகவே காரணம் சொல்வார்.

இன்று மாலை சம்பந்தி வருகிறார். வாழ்நாள் முழுக்க நிஜ ரயில் ஓட்டியவர். மகனுடைய கல்யாணத்தில் அவரிடம் சர்வேயர் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார்: "உங்க எஞ்சினை நீங்க ஓட்டணும் சம்பந்தி. எங்க வீட்டு எஞ்சினுக்கு வளைவு தானாத் தெரியும்." சம்பந்தி சிரித்தார். அந்தச் சிரிப்பு சர்வேயரின் நெஞ்சில் முள்ளாக நின்றது. இன்று ரயில் கவிழ்ந்தால் கவிழ்வது அப்பாவின் பெயர்.

தண்டவாளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். ரயில் ஏரியையும் தாண்டி, மேசை ஓரத்து அட்டை மலையில் மோதியது.

பழைய ஒயரைக் கழற்றிப் புது ஒயர் போட்டார்கள். ரயில் மலையையே தள்ளிக்கொண்டு தரையில் விழுந்தது.

மேசைக்கடியில் புகுந்த எலக்ட்ரீஷியன் கேட்டான்: "சார், இங்கேருந்து ஒரு ஒயர் மெஷின் பக்கம் போவுதே?"

"அது அம்மா மெஷின் ஒயர். நாம ரயிலைப் பார்ப்போம்."

கடைசியாக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்து மாட்டினார்கள்.

"இப்ப பாருங்க, வோல்டேஜ் சிங்கம் மாதிரி நிக்குது!"

"ரயில் எங்கப்பா?"

எலக்ட்ரீஷியன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "பக்கத்து வீட்டுக் கொடியில, போர்வைக்குள்ள."

ரயிலை மீட்டு வந்து தண்டவாளத்தில் ஏற்றியபோது வாசலில் சம்பந்தியின் செருமல் கேட்டது.

மருமகள் ஓடிப்போய் அப்பாவை வரவேற்றாள். பிறகு மாமியார் கூப்பிட்டதால் கீழறைக்குள் போனாள். அங்கே கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. சம்பந்தி மாடி ஏறி நாற்காலியில் அமர்ந்ததும் அவளும் வந்து தையல் மெஷினில் உட்கார்ந்து, ஊசிக்கடியில் ஒரு தலையணை உறையைச் செருகினாள்.

"இப்ப என்னம்மா தையல்?"

"அத்தை உட்காரச் சொன்னாங்க மாமா."

சொல் தட்டாத பெண் என்று சர்வேயர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை ஒருமுறை பார்த்தார். குமிழைத் திருகினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ரயில் சீறிப் புறப்பட்டது. எலக்ட்ரீஷியன் ஜன்னலைச் சாத்தினான். ஏரிக்கரை வந்தது.

முள் தலைகுனிந்தது.

ரயில் நிதானித்தது. ஒவ்வொரு பெட்டியாக வளைந்து திரும்பியது. ஏரியில் அதன் நிழலும் கூடவே திரும்பியது. முள் நிமிர்ந்தது, ரயில் ஓடியது, ஸ்டேஷன் வந்தது, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. எலக்ட்ரீஷியன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"சம்பந்தி, வளைவுல பிரேக் போடக்கூடாது. அதுக்கு முன்னாடியே போட்டுடணும். இது எஞ்சின் ஓட்டுற வீட்டுக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். உங்க பொட்டிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரத்தத்துல வர்றது சம்பந்தி," என்றார் சர்வேயர். "வேற எந்தக் குடும்பத்துலயும் இதைப் பார்க்க முடியாது."

சம்பந்தி அப்பாவின் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். எலக்ட்ரீஷியனும் கூப்பினான். சர்வேயரின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

அப்போது, தையல் மெஷினில் இருந்த மருமகள் படிப்பக்கம் திரும்பிக் கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"அத்தை! ரயில் ஸ்டேஷன்ல நின்னுடுச்சு... இப்பவாவது பெடல்லேருந்து காலை எடுக்கலாமா?"