விசிறி வளையவில்லை என்று தாங்கள் ஒரு வரி போட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ளோரும், குறிப்பாகக் கேமரா பகுதி எழுதும் நிபுணரும், நல்ல உடல்நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிபுணரைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது அவர் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான்.

நான் தங்கள் இதழின் பதினொரு ஆண்டுச் சந்தாதாரன். எடையளவு ஆய்வாளராக இருபத்தொன்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை வைத்து ஓய்வு பெற்றவன். ஒரு கருவி உள்ளதை உள்ளபடி காட்டினால் முத்திரை, கூட்டியோ குறைத்தோ காட்டினால் பறிமுதல். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். அப்படிப்பட்ட என்னை, 'சிறிய விமானத்திலிருந்து படமெடுக்க ஏற்ற வீடியோ கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று தாங்கள் வெளியிட்ட நான்கு பக்கக் கட்டுரை என்ன பாடு படுத்திவிட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கடிதத்தின் நோக்கம்.

எனக்கு ஒரே மகள். விமானி. பெரிய விமானம் இல்லை ஐயா, நாலு பேர் நெருக்கியடித்து உட்காரக்கூடிய, மூக்கில் விசிறி சுழலுகிற சின்ன வண்டி. மின்கம்பிகள் போகிற வழியை மேலிருந்து பார்த்து எங்கே மரம் சாய்ந்திருக்கிறது, எங்கே கம்பி தொய்ந்திருக்கிறது என்று சொல்லும் நிறுவனத்தில் எட்டு மாதமாக வேலை. அந்த எட்டு மாதமாக என் மனைவி அவளோடு சரியாகப் பேசுவதில்லை. மனைவி அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வேலையில் சேருவதற்குச் சற்று முன், மகள் உரிமம் வாங்கிய அன்று இருவரும் விமானத் திடலுக்குப் போயிருந்தோம். நான் முன் இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தேன். மனைவி கீழே நின்றபடி வண்டியின் கதவை உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு சமையலறை அலமாரிக்கு இதைவிட நல்ல தாழ்ப்பாள் இருக்கு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதோடு சரி. மகள் போன் செய்தால் "சாப்பிட்டியா" என்று கேட்பாள், பதில் வருமுன் போனை என் கையில் திணித்துவிடுவாள். மகள் வீட்டுக்கு வந்தால் தட்டில் எல்லாவற்றையும் வைப்பாள், பிறகு உள்ளே போய்ச் சாத்திக்கொள்வாள். நடுவில் நான், தபால்காரன் மாதிரி.

ஒருநாள் மகள்தான் சொன்னாள். "அப்பா, லீவு நாள்ல விமான கிளப் வண்டிய எடுத்துக்க எனக்கு அனுமதி இருக்கு. நீங்க உள்ள உக்காந்து ஒரு படம் எடுங்க. எவ்ளோ அமைதியா போகுதுன்னு அம்மா பார்த்தா, தானா பயம் போயிடும்." நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்த மாதமே தங்கள் கட்டுரையும் வந்து சேர்ந்தது. அதில் நிபுணர், விமானத்தின் அதிர்வுதான் முதல் எதிரி, ஆகவே வாங்கும் முன் கேமராவை அதிர்வில் வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். நான் சோதனையிலேயே வாழ்ந்தவன். கட்டுரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்பனையாளர், "என்ன விசேஷத்துக்கு சார், கல்யாணமா?" என்றார். "இல்லை, மூவாயிரம் அடி" என்றேன். அவர் ட்ரோன் எடுத்துக்கொண்டு வந்தார். ட்ரோனுக்குள் நான் எப்படி உட்காருவது என்று கேட்டேன். அவர் உள்ளே போய் மேலாளரை அழைத்துவந்தார். நான் வரிசையாக ஐந்து கேமராக்களை மேசைமேல் வைத்து, மேசையின் ஒரு காலை அவரையும் மறுகாலை மேலாளரையும் பிடித்து உலுக்கச் சொன்னேன். ஆறேழு நிமிடம் ஒழுங்காகத்தான் உலுக்கினார்கள். மற்ற வாடிக்கையாளர்கள் பூகம்பம் என்று நினைத்து வெளியே ஓடியதற்கு நான் பொறுப்பில்லை. கடைசியில், பேசாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள், பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் மாற்றித் தருகிறோம் என்று மேலாளரே வாசல்வரை வந்து வழியனுப்பினார். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கேமராவை வைத்துப் பிழியும் பொத்தானை அழுத்தினேன். அது மெல்ல நகர்ந்து நகர்ந்து விளிம்புவரை போய், நான் கையை நீட்டுவதற்குள் நீலம் கரைத்து வைத்திருந்த வாளியில் விழுந்தது. மேலாளர் சொன்ன மாற்றித் தரும் திட்டத்தில் நீலம் போட்ட கேமரா அடங்காதாம். ஆகவே அதே ரகத்தில் இன்னொன்று. அதை முதல் கேமரா என்றே வைத்துக்கொள்வோம், வாளியில் விழுந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அந்த முதல் கேமராவோடு மேலே போனோம். நாற்பது நிமிடம். கட்டுரையில் சொன்னபடி ஒரு கொக்கியில் மாட்டி, முன்கண்ணாடி வழியாக வெளியே பார்க்கும்படி வைத்தேன். இறங்கியதும் வீட்டுக்கு ஓடிவந்து டிவியில் போட்டு, மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தேன். படம் ஓடத் தொடங்கியது. ஐயா, மூக்கில் நேராகச் சுழன்றுகொண்டிருந்த விசிறி, அந்தப் படத்தில் வாழைப்பழச் சீப்பு மாதிரி வளைந்து வளைந்து தெரிந்தது. சில இடங்களில் துண்டு துண்டாகக் கழன்று தனித்தனியே காற்றில் மிதந்தது. கீழே தரை, ஈரத்துணியை உதறினாற்போல அலை அலையாக ஆடியது. மனைவி முழுதாகப் பார்த்தாள். எழுந்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாகத் தானே மகளுக்குப் போன் போட்டாள். "விசிறி உடைஞ்ச வண்டியில அப்பாவையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்க. இன்னிக்கே வேலைய விட்டுடு" என்றாள். மகள், "அது கேமராவோட கோளாறும்மா, வரி வரியா படம் பிடிக்கிறதால அப்படித் தெரியுது" என்று எவ்வளவோ சொன்னாள். "நான் கண்ணால பார்த்தேன்" என்று இவள் வைத்துவிட்டாள். அடுத்த இரண்டு வாரம் மகள் வீட்டுப் பக்கமே வரவில்லை. "அப்பா, பேசாம இருந்த அம்மாகிட்ட திட்டு வாங்கிக் குடுத்துட்டீங்க" என்றாள் போனில். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிபுணருக்கு எழுதினேன். பதில் போட்டார், கேமரா விசிறியை வளைத்துக் காட்டும் என்பதை மறுக்கவில்லை. முழுப் படத்தையும் வரி வரியாக இல்லாமல் ஒரே வீச்சில் பிடிக்கிற கேமரா வாங்குங்கள், விசிறி தெரியாதபடி பக்கத்து ஜன்னல் வழியாக எடுங்கள், கேமராவை வண்டியில் முட்டுக்கொடுக்காமல் கையில் பிடியுங்கள், நம் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும் என்றார். இரண்டாவது கேமரா வந்தது. மேலே போனதும் மகள், "ஜன்னல தொறந்துடலாம்ப்பா, கண்ணாடி இல்லாம படம் பளிச்சுனு வரும்" என்றாள். எனக்குச் சளி பிடிக்கும் என்பதால் வேண்டாம் என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அந்த முறை விசிறி வளையவில்லை, தரை ஆடவில்லை. ஆனால் கேமரா, தானாகக் கூர்மை பார்த்துக்கொள்ளும் ரகம். ஜன்னல் கண்ணாடியில் இருந்த ஒரு கீறலையும், அதன் பக்கத்தில் செத்து ஒட்டியிருந்த ஒரு பூச்சியையும் பார்த்ததும் அதற்கு மனம் நிறைந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு மணி நேரமும் அந்தப் பூச்சியின் மீசைவரை துல்லியமாக எடுத்துத் தந்தது. ஆறு, மலை, ஊர் எல்லாம் பின்னால் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தன. மனைவி மெய்ப்புத் திருத்துகிறவள் ஆயிற்றே. "கண்ணாடியக்கூடத் தொடைக்க ஆள் இல்லாத வண்டி" என்று ஓரத்தில் குறித்துக்கொள்வதுபோல் சொன்னாள். கடைசியில் தரையைத் தொடும் நேரத்தில், வேகம் குறைந்துவிட்டது என்று சொல்ல வண்டியில் ஓர் ஊதல் உண்டு, அது சிணுங்கிற்று. அது வழக்கமாகக் கேட்பதுதான். "வண்டியே அழுவுது பாருங்க" என்றாள்.

மூன்றாவது கேமரா, உள்ளங்கையில் அடங்குகிற தீப்பெட்டி போன்றது. தலையில் மாட்டும் பேசு கருவியிலிருந்து ஒரு கம்பியை அதில் சொருகினால் விமானத்துக்குள் பேசுவதும் தெளிவாகப் பதிவாகும் என்று நிபுணர் எழுதியிருந்தார். சொருகினேன். கேமராவுக்கு முன்னும் பின்னும் இரண்டு சின்னத் திரை. எது முகம், எது முதுகு என்று கட்டுரையில் எங்கேயும் இல்லை, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். நான் முதுகு என்று நினைத்துத் திருப்பி வைத்தது முகமாக இருந்துவிட்டது. ஆக, நாற்பத்தைந்து நிமிடமும் வெளியே ஓர் இலைகூடப் படத்தில் வரவில்லை. மகள்தான் இருந்தாள். ஓரத்தில் நானும் பாதி இருந்தேன்.

படம் ஓடியதும் நிறுத்தப் போனேன். மனைவி, "இருக்கட்டும்" என்றாள். படத்தில் மகள் ஒரு முள்ளைப் பார்க்கிறாள், ஒரு பிடியைத் திருகுகிறாள், ஒரு அட்டையில் டிக் போடுகிறாள். பக்கத்தில் ஒரு குரல், என் குரலைப் போன்ற குரல், "அம்மாடி, அம்மாடி" என்று விடாமல் முனகுகிறது. "அப்பா, கீழ பாருங்க, நம்ம தெரு தண்ணித் தொட்டி தெரியுது" என்கிறாள். "பாத்துட்டேன்மா." "கண்ண மூடிக்கிட்டு எப்படிப்பா பாத்தீங்க?" இறங்கும் நேரம் வருகிறது. ஓடுபாதையில் வேறொரு வண்டி விலகாமல் குறுக்கே நிற்கிறது. என் குரலைப் போன்ற குரல் இப்போது முனகவில்லை, அலறுகிறது. மகள் ஒரு கையால் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, "ஒண்ணும் இல்லப்பா, இன்னொரு சுத்து வருவோம்" என்று, கடையில் இன்னொரு முறை வருகிறேன் என்பதுபோல் சொல்லிவிட்டு, அந்தக் கையை எடுத்து மறுபடி பிடியில் வைக்கிறாள். வண்டி மேலே ஏறுகிறது. சுற்றி வருகிறது. இறங்குகிறது. இறங்கிய சத்தம்கூடப் பதிவாகவில்லை.

மனைவி அந்த இடத்தை மூன்று தடவை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். டிவிக்கு அருகே போய் நின்று பார்த்தாள். "அவ கையப் பாருங்க" என்றாள். "கொஞ்சம்கூட நடுங்கல." பிறகு போனை எடுத்தாள். "சாப்பிட்டியா" என்று கேட்டாள். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். போன் வரவில்லை. "குறுக்க நின்னானே, அவன் யாரு? அவனுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்று தொடங்கினாள். முப்பத்தைந்து நிமிடம் பேசினார்கள். அதற்குள் என் காப்பி ஆறி ஏடு கட்டிவிட்டது, குடித்தேன், அமிர்தமாக இருந்தது.

ஆகவே ஐயா, என் வேண்டுகோள்கள். ஒன்று, சிறிய விமானத்திலிருந்து படமெடுக்கும் கேமரா விசிறியை வளைத்துக் காட்டும், ஆனால் விசிறி வளையவில்லை என்று தாங்கள் அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் ஒரு வரி போட வேண்டும். எத்தனை குடும்பங்களில் இதனால் பாதிப் பேச்சில் போன் வைக்கப்பட்டதோ தெரியாது. அடுத்து, வெளியே என்ன தெரிகிறது என்பதையே நான்கு பக்கம் எழுதிய நிபுணர், உள்ளே யார் ஓட்டுகிறார்கள் என்று கேமராவைத் திருப்பிப் பார்க்கவும் ஒரு பத்தி எழுத வேண்டும். பயம் என்பது என் மனைவிக்குத்தான் இருந்தது, அது தீர்ந்தது, எனக்கு இந்தக் கேமரா விவகாரமே இனி வேண்டாம். ஆகையால் என் சந்தாவை இந்த மாதத்தோடு நிறுத்திவிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இல்லத்தில் எல்லோரும் நிறைவாக இருக்கவும், அச்சில் பிழை குறையவும், நிபுணர் நீடு வாழவும் மனமார வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற எடையளவு ஆய்வாளர்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை மனைவியிடம் காட்டினேன். சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தந்தாள். ஒற்றுப்பிழை பதினாறு, பொருட்பிழை ஒன்று. 'பயம்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்து 'கோபம்' என்று மாற்றியிருக்கிறாள். எனக்கு விளங்கவில்லை, கேட்டேன். "லைசென்ஸ் வாங்கின அன்னிக்கு நீங்க பாட்டுக்கு ஏறி உக்காந்துட்டீங்க. அவளும் கெளப்பிட்டா. கைப்பையைப் புடிச்சிக்கிட்டு வெயில்ல நின்னேன். நீயும் வாம்மான்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டீங்களா? நாலு சீட்டு வண்டிதானே?" என்றாள். ஐயா, மூன்று கேமரா, வாளியில் விழுந்ததோடு நான்கு. உடனே மகளுக்குச் சொன்னேன். இந்த ஞாயிறு அம்மாவும் மகளும் போகிறார்கள். பின்னிருக்கையில் நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வேண்டாம், சத்தம் போடுவீங்க, பேச முடியாது" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். எனவே சந்தாவை நிறுத்த வேண்டாம். கீழே நின்றபடி, மேலே போகிறவர்களைப் படமெடுக்க எந்தக் கேமரா நல்லது என்று நிபுணரைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதவும்.