பவளத்துறைச் சம்பந்தம் வேண்டாம், மச்சான்

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஷமீர் மச்சானுக்கு, அகமது கபீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்களும் வீட்டாரும் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். அரை மணி நேர பஸ் தூரத்துக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை நூர்னிசா பிடுங்கிக்கொண்டு, "அவிய சொல்றத நம்பாதீக அண்ணே" என்று ஆரம்பித்துவிடுவாள்.

விஷயம் இதுதான். என் ஒரே மகள் சப்ரீனுக்கு நீங்கள் கொண்டுவந்த பவளத்துறைச் சம்பந்தத்துக்கு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில்: வேண்டாம்.

"கடக்கரை ரிசார்ட் ஊரு மச்சான், பாக்க ஏழு இடம் இருக்கு" என்றீர்களே, மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் ஏழையும் பார்த்தோம். கலங்கரை விளக்கம் பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருப்பவர் மீன் வாங்கப் போயிருக்கிறார் என்றார்கள், நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பும்வரை அவருக்கு மீன் கிடைக்கவில்லை. சிப்பி அருங்காட்சியகம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, பத்துக் கண்ணாடிப் பெட்டி, நாலு சிப்பி, மற்ற பெட்டிகளில் காவல்காரர் சாப்பாட்டுத் தூக்கு வைத்திருக்கிறார். சூரிய உதய முனைக்கு நாலரை மணிக்கே எழுப்பிக் கூட்டிப்போனார்கள், ஒரே மேகம், நாங்கள் அறைக்குத் திரும்பி இட்லி தின்கிறபோதுதான் சூரியன் பின்பக்கத்து ஜன்னலில் சாவகாசமாக வந்தது. அடுத்த மூன்று இடமும் ஒரே மணல்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு வேறு. நம்ம பிளவக்கல் அணையில் தண்ணீர் அது பாட்டுக்குக் கிடக்கும், வா வா என்று யாரையும் கூப்பிட்டு ஏமாற்றாது.

ஏழாவது இடம் உப்பங்கழியில் அன்னப்படகு, காலால் மிதிக்க வேண்டும். மாப்பிள்ளை அனஸின் வாப்பாவையும் என்னையும் ஏற்றிவிட்டார்கள். அவர் முன்னுக்கு மிதிக்க, நான் பின்னுக்கு மிதிக்க, அன்னம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் கடைசியில் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டது. கரையில் நின்றுகொண்டு சப்ரீன், "அத்தா, அப்படியே இருங்க, வீடியோ எடுக்கேன்" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் மிதிப்பதையே நிறுத்திவிட்டேன். பிள்ளைக்கு ஊர் பிடித்துவிட்டது மச்சான்! பையனையும் பிடித்துவிட்டதாம்.

பையனின் உம்மா வேறு, சாப்பாட்டு நடுவில், "சம்பந்தி, உங்க வீட்டு மாடி ரூம்ல காத்து வருமா? பாத்ரூம் உள்ளேயே இருக்கா?" என்று கேட்கிறார். இவுக பொண்ணு பாக்குறாகளா, வீடு பாக்குறாகளா? கேட்க வாயெடுத்தேன், நூர்னிசா தொடையில் கிள்ளிவிட்டாள்.

உங்களிடம் என்ன மறைக்க. பையன் தங்கம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை, வாய் திறந்தால் மரியாதை. ஊர்தான் ஏழு மணி நேர பஸ் தூரம். கடையடைத்து வந்ததும், "அத்தா, இன்னைக்கு யாரு கூடச் சண்டை?" என்று கேட்க ஆளில்லாத வீட்டுக்கு நான் எதுக்கு மச்சான் வரணும்? என்னால் முடியாது. அம்புட்டுத்தான்.

பக்குவமாகச் சொல்லி முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் தங்கச்சி ஹஃபீஸாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நல்ல முழங்கால்களைத் தரட்டும்.

இப்படிக்கு,
அகமது கபீர்

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் நூர்னிசா கடிதத்தைப் படித்துவிட்டாள். "ஏங்க, அவிய ஊரு வழக்கத்துல பொண்ணு எங்கயும் போகாது, மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டோட வந்து இருப்பாரு. எங்கண்ணன் மொத நாளே சொன்னாக, நீங்க பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருந்தீக" என்கிறாள். அப்படியா மச்சான்? சப்ரீன் இங்கேயேதான் இருப்பாளா? எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வரை தாமதிக்க வேண்டாம், இந்த நிமிடமே போன் போட்டுச் சம்மதம் சொல்லிவிடுங்கள். கடல் ரொம்ப நன்றாக இருந்தது என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.